கலாபகஸ்: கப்பலா, கரையா?

பறக்காத நீர்க்காகத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும். ஈக்வடாரின் கலாபகஸ் தீவுகளில் மற்றதெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான். தரையில் துரத்தும் எதிரி இல்லாததால் தலைமுறை தலைமுறையாக இறக்கை சிறுத்து, கடலுக்குள் மூழ்கியே இரை தேடும் பறவை. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பெர்னாண்டினா தீவிலும் இசபெலாவின் வடக்கு, மேற்குக் கரைகளிலும்தான் இருக்கிறது. அந்தக் கரைகளில் ஊரும் இல்லை, விடுதியும் இல்லை. காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் படகுகளுக்கு அது எட்டாத தூரம். கப்பலிலேயே தங்கினால்தான் உண்டு.

அக்கா கரைக் கட்சி. “ராத்திரி ஆடாத கட்டில்ல படுத்தாத்தான்டி எனக்குத் தூக்கம் வரும்” என்கிறாள். அவள் பக்கமும் நியாயம் நிறைய. சாந்தா குரூஸ் தீவில் புவெர்ட்டோ அயோரா என்ற ஊரில் தங்கினால் மீன் சந்தையில் கடற்சிங்கமும் பெலிக்கனும் துண்டுமீனுக்குக் காத்து நிற்பதைப் பார்க்கலாம். மேட்டுநிலப் புல்வெளியில் ராட்சத ஆமைகள் தம்பாட்டுக்கு மேய்கின்றன. நீலக்கால் பூபி என்ற கடற்பறவையைப் பார்க்கப் பகல் படகில் வடக்கு செய்மூர் தீவுக்குப் போய் வந்தால் போதும். செலவும் குறைவு, பிடித்த இடத்தில் இன்னொரு நாள் இருந்துவிட்டு வரலாம். பணம்தான் தடை என்றால் தயங்காமல் கரையில் தங்குங்கள், அது எந்த விதத்திலும் மட்டமான பயணம் இல்லை. வெளிநாட்டுப் பெரியவர்களுக்குக் கலாபகஸ் தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் 200 டாலர் (2024 ஆகஸ்டில் 100-லிருந்து ஏற்றினார்கள்). எப்படிப் போனாலும் அதைக் கட்டியாக வேண்டும்.

ஆனால் கடல் ஆட்டத்துக்குப் பயந்து கரையைத் தேர்ந்தெடுப்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சாந்தா குரூஸிலிருந்து இசபெலாவுக்கோ சான் கிறிஸ்டோபலுக்கோ போக, விரைவுப்படகில் ஏறக்குறைய 2 மணி நேரம் அலைக்கு அலை தூக்கிப் போடும். குமட்டல் வருகிறவர்களுக்கு அதுதான் பெரிய சோதனை. கப்பல் பெரும்பாலும் நீங்கள் படுத்திருக்கும் இரவில் நகர்கிறது. இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் இன்னும் குறைவாக ஆடும். ஆகஸ்ட், செப்டம்பரில் கடல் முரடு. ஆண்டின் முதல் மாதங்களில் வெதுவெதுப்பாக, அமைதியாக இருக்கும். இதையெல்லாம் எடுத்துச் சொன்ன பிறகுதான் அக்கா இறங்கி வந்தாள்.

இரவில் நகர்வதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. விடியும்போதே தீவுக்கு முன்னால் நிற்கிறோம். பகல் படகில் போகிறவர்கள் பாதி நாளைக் கடலில் விட்டுவிட்டு, வெயில் ஏறிய பிறகு இறங்குகிறார்கள். எனக்கு அந்தக் காலை நேரம் வேண்டும்.

பெரிய கப்பல் வேண்டாம் என்பதில் இருவரும் ஒரே பேச்சு. அங்கே ஒரு கப்பலுக்கு அனுமதிக்கப்படும் உச்சமே 100 பயணிகள்தான். நாங்கள் எடுத்தது 16 பேர் போகும் படகு. ஒரு வழிகாட்டிக்கு அதிகபட்சம் 16 பேர் என்பது பூங்கா விதி என்பதால், மொத்தப் படகும் ஒரே குழுவாக இறங்கும்.

கப்பல் எடுக்கிறவர்களுக்கு ஒன்று. பெயரையும் அறைப் படத்தையும் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள். ஒரே கப்பல் 14 நாளுக்குள் அதே இடத்தில் மறுபடி இறங்கக் கூடாது. அதனால் இந்த வாரம் மேற்கே போகும் கப்பல் அடுத்த வாரம் வேறு பக்கம் போகும். உங்கள் தேதியில் கப்பல் எந்தெந்த இடத்துக்குப் போகும் என்ற பட்டியலைக் கேட்டு வாங்கி, நாள்வாரியாகப் படியுங்கள். நான் அதில் தேடியது பெர்னாண்டினாவில் இறங்கும் இடமான புன்டா எஸ்பினோசா என்ற பெயரை. அது இருந்த வாரத்துக்குத்தான் பதிவு செய்தோம். கப்பல் முடிந்ததும் சில நாள் புவெர்ட்டோ அயோராவில், அக்கா கேட்ட ஆடாத கட்டிலில்.