கலிஃபோர்னியா பள்ளியில் சிறப்புக் கல்வி: வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள்

பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமாகிறது, எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை, ஆட்டிசமோ என்று சந்தேகம். ஃப்ரீமான்ட், சான் ஹோசே பக்கம் இருக்கும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் வகுப்பு ஆசிரியையிடம்தான் போய்ச் சொல்வார்கள். "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று அவரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். அதிலேயே ஒரு கல்வியாண்டு போய்விடும். பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று பள்ளி மதிப்பிடச் சட்டம் வைத்திருக்கும் கெடு, நீங்கள் எழுத்தில் கேட்ட நாளிலிருந்துதான் ஓடும்.

பள்ளி முதல்வருக்கும் பள்ளி மாவட்டத்தின் (உங்கள் பகுதிப் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) சிறப்புக் கல்வி அலுவலகத்துக்கும் நாலு வரி மின்னஞ்சல் போதும்: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, என்ன கவலை, "சந்தேகப்படும் எல்லாத் துறைகளிலும் மதிப்பீடு செய்யக் கோருகிறேன்" என்ற ஒரு வாக்கியம். வீட்டில் தமிழ் பேசுவதையும் தவறாமல் எழுதுங்கள். 15 நாளுக்குள் மதிப்பீட்டுத் திட்டம் (என்னென்ன சோதனைகள் என்ற பட்டியல்) உங்கள் கைக்கு வர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். திட்டத்தில் கையெழுத்துப் போட உங்களுக்குக் குறைந்தது 15 நாள் உண்டு. கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகு 60 நாளுக்குள் சோதனைகளை முடித்து ஐ.இ.பி. (பிள்ளைக்கென வகுக்கும் தனிக் கல்வித் திட்டம்) கூட்டம் நடத்த வேண்டும். 5 பள்ளி நாட்களுக்கு மேற்பட்ட விடுமுறை இந்தக் கணக்கில் சேராது. அதனால் மே கடைசியில் கேட்டால் கோடை முழுக்க வீணாகும், மார்ச்சிலேயே எழுதிவிடுங்கள்.

3 வயதுக்குக் கீழ் என்றால் பொதுவாக ரீஜனல் சென்டரை (வளர்ச்சிக் குறைபாடுகளுக்கு உதவும் வட்டார மையம்) அணுக வேண்டும். 3 வயது நிரம்பியதும் பொறுப்பு பள்ளி மாவட்டத்துடையது. கிண்டர்கார்ட்டன் வரை காத்திருக்க வேண்டாம். எல்லாமே இலவசம். ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) வந்த பிள்ளைக்கும் இதே உரிமைதான்.

மொழி விஷயத்தில்தான் நம் பிள்ளைகள் அதிகம் அடிபடுகிறார்கள். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு ஆங்கிலத்தில் மட்டும் சோதனை வைத்தால், இல்லாத குறைபாடு இருப்பதாகத் தெரியும். நேர்மாறாக, உண்மையான தாமதத்தை "இரண்டாம் மொழிதானே, சரியாகிவிடும்" என்று தள்ளிப் போடுவதும் நடக்கிறது. குழந்தையின் திறமை சரியாக வெளிப்படும் மொழியில் மதிப்பிட வேண்டும் என்பது சட்டம். தமிழ் தெரிந்த உளவியலாளர் கிடைப்பது அரிது, மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி பேசுவது, பேச்சுத் தாமதத்துக்குக் காரணம் இல்லை.

மருத்துவர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தாலும் பள்ளி தானாகச் சிறப்புக் கல்விக்குத் தகுதி தராது. அந்தக் குறைபாடு படிப்பைப் பாதிக்கிறதா, தனிப்பட்ட கற்பித்தல் தேவையா என்றுதான் பார்ப்பார்கள். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த அறிக்கைகளையும் கொடுங்கள். அவற்றைக் கருத்தில் கொண்டாக வேண்டும்.

கூட்டத்துக்கு முன்பே மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் போங்கள். மேசையைச் சுற்றி ஆறேழு பேர் உட்கார்ந்திருக்கும்போது முதல்முறையாக அதைப் புரட்டினால் ஒன்றும் மனதில் ஏறாது. ஐ.இ.பி.யில் உள்ள குறிக்கோள்களை வரி வரியாகப் பாருங்கள். "தொடர்புத் திறன் மேம்படும்" என்பதை அளக்க முடியாது. "5 வாய்ப்புகளில் 4 முறை, யாரும் தூண்டாமல், சொல்லாலோ படத்தாலோ உதவி கேட்பான்" என்று இருந்தால் அளக்கலாம். இப்போது எத்தனை முறை கேட்கிறான் என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும். பேச்சுப் பயிற்சி "மாதம் 120 நிமிடம்" என்றிருந்தால், "வாரம் 30 நிமிடம், தனியாகவா குழுவிலா, எந்த இடத்தில்" என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். மாதக் கணக்கில் தவறிய வகுப்பைக் கண்டுபிடிப்பது கடினம்.

கூட்டத்திலேயே ஐ.இ.பி.யில் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. நம்மவர்கள் மரியாதைக்காகப் போட்டுவிடுகிறார்கள், வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படியுங்கள். ஏற்கும் பகுதிக்கு மட்டும் ஒப்புதல் தரலாம், அது உடனே தொடங்கும். மதிப்பீட்டையே ஏற்கவில்லை என்றால் மாவட்டச் செலவில் வெளி நிபுணரின் மதிப்பீட்டை எழுத்தில் கேட்கலாம். ஒன்று, மாவட்டம் அதை ஏற்பாடு செய்ய வேண்டும், அல்லது தன் மதிப்பீடு சரி என்று விசாரணையில் நிரூபிக்க வேண்டும்.

வேலை மாறி இன்னொரு மாவட்டத்துக்குப் போகிறீர்கள் என்றால், கையெழுத்தான ஐ.இ.பி. நகலைச் சேர்க்கை நாளிலேயே கொடுத்துவிடுங்கள். புதிய மாவட்டம் அதற்கு இணையான சேவையை உடனே தொடங்கி, 30 நாளுக்குள் பழையதை ஏற்கவோ புதியதை வகுக்கவோ வேண்டும்.