ஹென்றியின் 99 யார்டு

மதியம் போனில் அந்தப் பழைய வீடியோ மறுபடி வந்தது. அமெரிக்கக் கால்பந்து (NFL), 2018 டிசம்பர், ஜாகுவார்ஸ் அணிக்கு எதிராக டைட்டன்ஸ் அணியின் டெரிக் ஹென்றி பந்தோடு ஓடிய 99 யார்டு.

கால்களை விட அந்தக் கையைத்தான் பார்த்தேன். பிடிக்க வந்தவர்களை, நெரிசல் பஸ்ஸில் இறங்க வழி செய்கிறவர் மாதிரி ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டுப் போகிறார்.

அந்த சீசனில் அதுவரை 12 ஆட்டங்களில் மொத்தம் 474 யார்டுதான். டைட்டன்ஸ் ரசிகர்களே சலித்திருந்தார்கள்.

அன்று ஒரே இரவில் 238. சீசன் முடிவில் 1,059.

‘என்னமா முன்னேறிட்டார்’ என்று கொண்டாட்டம். சரி, முன்னேறினார்தான். ஆனால் அதுவரை ஆட்டத்துக்குப் பத்துப் பதினோரு முறைதான் பந்தே அவரிடம் போனது. கடைசி நாலு ஆட்டங்களில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதில் முன்னேறியது ஹென்றி பாதி, பந்தை அதிகம் கொடுத்த பயிற்சியாளர்கள் பாதி என்றுதான் நான் சொல்வேன். பின்னால் 2020 சீசனில் மட்டும் 2,027 யார்டு ஓடியவர் இவர்!