'ஹேட்' (had) எங்கே நிற்கிறது?

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பொது ஆங்கிலம் எடுக்கிறேன். வகுப்பில் அறுபது பேர். முக்கால்வாசிப் பேர் தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள். பாடத்தில் சிறுகதை வந்தால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கதையை முழுக்கத் தமிழில் சொல்லிவிடுவோம், பத்து வரியில் சுருக்கம் எழுதிப் போடுவோம், இலக்கணத்தை வேறொரு நாளில், வேறு வாக்கியங்களை வைத்து நடத்துவோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். அதை விடவைத்தது ஒரு மாணவி கேட்ட கேள்வி.

கதை, ஓ. ஹென்றி 1905இல் எழுதிய 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜாய்' (The Gift of the Magi). பலருக்கும் தெரிந்ததுதான். நியூயார்க்கில் வாடகை வீட்டில் இருக்கும் இளம் தம்பதி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் டெல்லாவின் கையில் இருப்பது 1 டாலர் 87 சென்ட். கணவன் ஜிம்முக்குப் பரிசு வாங்கத் தன் நீண்ட கூந்தலை 20 டாலருக்கு விற்று, அவனுடைய கடிகாரத்துக்கு 21 டாலரில் ஒரு சங்கிலி வாங்குகிறாள். மீதி 87 சென்ட்டோடு வீடு திரும்புகிறாள். அவனோ அந்தக் கடிகாரத்தை விற்று, அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்கி வந்திருக்கிறான்.

முதல் தடங்கல் இந்தச் சீப்பில்தான் வந்தது. 'கோம்' (comb) என்றால் சீப்பு என்று எழுதிப் போட்டிருந்தேன். "முடி குட்டையா இருந்தாலும் சீவலாமே மேடம், அதுக்கு ஏன் அழணும்?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. அது தலை சீவும் சீப்பு இல்லை, கொண்டையில் செருகுகிற, கல் பதித்த, ஆமை ஓட்டில் செய்த அலங்காரச் சீப்பு. கடிகாரமும் அப்படித்தான். கையில் கட்டுவதில்லை, சட்டைப்பைக்குள் வைப்பது, சங்கிலியில் தொங்குவது. இந்த இரண்டு பொருளும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் கதையே இல்லை. அகராதியில் உள்ள சொல் சரியாக இருந்தும் பொருள் போய்ச் சேரவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்புறம் அந்த மாணவியின் கேள்வி. டெல்லா கணவனிடம் சொல்கிறாள்: "ஐ ஹேட் மை ஹேர் கட் ஆஃப்". மூன்றாவது வரிசைப் பெண் எழுந்து, "மேடம், இது பாஸ்ட் பர்ஃபெக்ட் தானே? 'ஹேட்' வந்தா பாஸ்ட் பர்ஃபெக்ட்னு நீங்கதான் சொன்னீங்க" என்றாள்.

சொன்னது நான்தான். பாஸ்ட் பர்ஃபெக்ட் என்பது, கடந்த காலத்தில் ஒன்று நடப்பதற்கு முன்பே முடிந்துபோன இன்னொன்றைச் சொல்லும் அமைப்பு. பலகையில் இரண்டு வாக்கியங்களை எழுதினேன். ஒன்று 'ஐ ஹேட் கட் மை ஹேர்'. இன்னொன்று 'ஐ ஹேட் மை ஹேர் கட்'. இரண்டிலும் அதே ஐந்து சொற்கள். முதலாவதில் கத்தரிக்கோல் என் கையில் இருக்கிறது. அதற்கு முன்பே வெட்டி முடித்திருந்தேன் என்று பொருள். இரண்டாவதில் வெட்டியவர் வேறொருவர், வெட்டச் சொன்னது நான். 'கட்' என்ற சொல் இரண்டு இடம் தள்ளி நின்றதும் வாக்கியத்துக்குள் இன்னொரு ஆள் வந்துவிட்டார். கதையில் அந்த ஆள் முடி வாங்கும் கடைக்காரி.

விளக்கினேன், ஆனால் முகங்கள் தெளியவில்லை. தமிழில் நாம் கடைக்குப் போய் வந்தாலும் 'முடி வெட்டினேன்' என்றுதானே சொல்கிறோம்? யார் வெட்டினார் என்பது நமக்குத் தானாகவே தெரியும். வேறு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணே சொன்னாள்: "எங்கம்மா பழநியில மொட்டை போட்டுக்கிட்டாங்க. அது மாதிரியா மேடம்?"

அதே மாதிரிதான். 'மொட்டை போட்டாங்க' என்று மட்டும் சொன்னால் யார் யாருக்குப் போட்டார்கள் என்று தெளிவில்லை. 'போட்டுக்கிட்டாங்க' என்றதும் முடி கொடுத்தவர், அவர் மனது எல்லாம் வந்துவிடுகிறது. சவரக்கத்தி பிடித்தவர் பின்னால் போய்விடுகிறார். 'கொள்' என்ற துணைவினை செய்வதை ஆங்கிலம் சொல் வரிசையால் செய்கிறது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாருக்கும் அந்த அமைப்பைச் சூத்திரமாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து கதையின் வாக்கியங்களையே இலக்கணப் பாடமாக்கினேன். ஜிம் வாசலில் நின்று கேட்கும் முதல் கேள்வி, "யூவ் கட் ஆஃப் யுவர் ஹேர்?" 'யூவ்' என்பது 'யூ ஹேவ்'. 'டிட் யூ கட்' என்று ஏன் கேட்கவில்லை? தமிழில் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். "முடியை வெட்டிட்டியா?" என்று பாதி வகுப்பு ஒரே குரலில் சொன்னது. 'வெட்டினாயா' என்று ஒருவரும் சொல்லவில்லை. வெட்டியது எப்போது என்பது அவனுக்கு முக்கியமில்லை, வெட்டிய தலை எதிரே நிற்கிறது. ஒன்றை மட்டும் எச்சரித்தேன். தமிழில் 'நேத்தே வெட்டிட்டேன்' என்று நாளையும் சேர்த்துச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' வந்தால் 'ஹேவ்' கூட நிற்காது. நம் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை இது. நம் மொழியில் அது முற்றிலும் சரி என்பதால்தான் அந்தப் பிழை வருகிறது. அதைச் சொல்லாமல் சிவப்பு மையால் வட்டம் போட்டால் அது கொடுமை.

கடைசியில், அந்தச் சீப்புகளை அணிந்திருக்க வேண்டிய கூந்தல் இப்போது இல்லை என்று கதை சொல்லும் இடம். அங்கே 'ஷுட் ஹேவ்' வருகிறது. இது உண்மையிலேயே கடினம். 'அவர் வந்திருக்க வேண்டும்' என்று தமிழில் சொன்னால் இரண்டு பொருள் உண்டு. வந்திருப்பார் என்ற ஊகமாகவும் இருக்கலாம், வரவில்லையே என்ற ஆதங்கமாகவும் இருக்கலாம். குரலை வைத்துப் பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் ஊகத்துக்கு 'மஸ்ட் ஹேவ்', நடக்காமல் போனதற்கு 'ஷுட் ஹேவ்'. தேர்வுத்தாள்களில் இரண்டும் இடம் மாறிக் கிடக்கும். இந்த வாக்கியத்தில் 'மஸ்ட்' போட்டுப் படிக்கச் சொன்னேன். "அப்போ கூந்தல் சீப்பைப் போட்டுப் பார்த்துட்டுதான் போச்சா?" என்று ஒருவன் கேட்டான். சரியாகப் பிடித்துவிட்டான். ஒரு சொல் மாறினால் அவளுடைய இழப்பே இல்லாமல் போகிறது. நான் இருபது வாக்கியங்கள் எழுதிப் போட்டும் ஏறாத வித்தியாசம், அந்தக் கூந்தலால் ஏறியது.

இந்த முறையில் வேகம் கிடையாது. அந்த ஒரு கதைக்கு ஏழு வகுப்புகள் ஆயின. பாடத்திட்டத்தில் ஒதுக்கியது மூன்று. மற்ற நான்கையும் வேறு பாடங்களிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது, இப்போதும் எடுக்கிறேன்.

கதை முடிந்ததும், படித்த அமைப்புகளை வைத்து உங்கள் வீட்டைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதுங்கள் என்றேன். அன்று மாலை ஆசிரியர் அறையில் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசைப் பெண்ணின் நோட்டில் முதல் வாக்கியம், காய்ச்சலில் கிடந்த தனக்காக அம்மா பழநியில் மொட்டை போட்டுக்கொண்டதைப் பற்றி. 'ஹேட்' சரியான இடத்தில் நின்றது. அதற்குக் கீழே, "ஷி ஷுட் ஹேவ் டோல்டு மீ" என்று எழுதியிருந்தாள்.

இரண்டுக்கும் சரி போட்டேன். மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.