சின்ன ஊர் கோச்சுகள்

கான்சஸ், நெப்ராஸ்கா பக்கத்துச் சின்ன ஊர்ப் பள்ளிகளில் அமெரிக்கக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் கோச்சுகள் மேல் எனக்குத் தனி மரியாதை. பல பள்ளிகளில் 11 பேர் அணிக்குப் பிள்ளைகளே போதாது. அதனால் 8 பேர் ஆட்டம். மைதானமும் 80 கெஜம் நீளம், 40 கெஜம் அகலம்தான். தாக்கி ஆடிய பையனே அடுத்து தடுக்கவும் நிற்பான். ஒருவனுக்குக் கால் பிசகினால் திட்டமே மாறிவிடும்.

கான்சஸின் ஸ்மித் சென்டரில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. 11 பேர் ஆட்டத்தில், ரோஜர் பார்ட்டாவின் பயிற்சியில் அந்த ஊர்ப் பள்ளி 2004 முதல் 2009 வரை தொடர்ந்து 79 ஆட்டங்களை வென்றது! இத்தனைக்கும் ஆள் பொறுக்கியெடுக்க அங்கே வழியில்லை. வந்து நிற்கிற பையனைத்தான் ஆட்டக்காரனாக்க வேண்டும். ஒல்லியாக, பயந்தபடி வரும் ஒன்பதாம் வகுப்புப் பையனையும் சேர்த்துத்தான்.