பக்கத்து மனைத் தண்ணி

அக்டோபர் 14
ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்ச சத்தம் விடியற வரைக்கும் நிக்கல. அம்மாவும் தூங்கல.

அக்டோபர் 15
மாடில இருந்து பாத்தேன். காலி மனை குளமாயிடுச்சு, நடுவுல எலுமிச்சம்பழ மஞ்சள்ல பத்து பன்னெண்டு தவளை, ஒவ்வொண்ணும் உள்ளங்கைய விட பெருசு, கத்தும்போது தாடைக்கு ரெண்டு பக்கமும் நீலமா பை உப்புது. எல்லாம் ஆண். பொண்ணு அதே பழைய பழுப்புதான். கோடை பூரா இந்த மண்ணுக்குள்ளதான் புதைஞ்சு கெடந்திருக்கும், நான் தினமும் அதுங்க மேல நடந்து பால் வாங்கப் போயிருக்கேன்னு நெனச்சா என்னமோ பண்ணுது.

அம்மா சொன்னா, தாத்தா ஊர்ல பெட்ரோமாக்ஸ் லைட்டோட வந்து சாக்கு சாக்கா பிடிச்சுட்டுப் போவாங்களாம், தொடை மட்டும் வெளிநாட்டுக்கு. 1987ல ஏற்றுமதிய தடை பண்ணாங்க. நல்லவேளை.

அக்டோபர் 16
அம்மாவோட டெஸ்ட் ரிசல்ட் வரல.

அக்டோபர் 18
மஞ்சளும் இல்ல, சத்தமும் இல்ல. ஓரத்துல கடுகு கடுகா தலைப்பிரட்டை.

அக்டோபர் 23
மோட்டார் ரூம் லைட்டுக்குக் கீழ ஒரு தவளை கரப்பான முழுங்குறத கிட்ட உக்காந்து பாத்தேன். முழுங்கும்போது ரெண்டு கண்ணும் தலைக்குள்ள எறங்குது. அந்தக் கண்ணுதான் உள்ள இருந்து இரைய தொண்டைக்குத் தள்ளுது. தண்ணிய அது வாயால குடிக்கவே குடிக்காது, அடிவயித்துத் தோல் வழியாவே உறிஞ்சிக்கும். இங்க அம்மாவுக்கு ஒரு ஸ்பூன் தண்ணி எறங்க அஞ்சு நிமிஷம், கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, நான் முதுகத் தடவிக்கிட்டே நிக்கிறேன், எறங்குச்சாம்மான்னு கேக்கவும் பயமா இருக்கு.

அக்டோபர் 24
இன்னும் ரெண்டு நாள் ஆகுமாம். போன வாரமும் இதையேதான் சொன்னாங்க.

அக்டோபர் 30
ஆறு நாளா மழை இல்ல. சுவத்துல மூணாவது செங்கல் வரி வெளிய தெரியுது.

நவம்பர் 2
நாலாவது வரி. தலைப்பிரட்டைங்க ஒண்ண ஒண்ணு தின்னுதுங்க. இந்த ஜாதி அப்படித்தான்னு தெரியும், ஆனா இன்னைக்குப் பாக்க முடியல, எழுந்து வந்துட்டேன்.

நவம்பர் 3
போர் தண்ணி எட்டு பக்கெட் ஊத்தினேன். மெட்ரோ தண்ணில குளோரின், அது ஆகாது. எதிர் வீட்டு மாமா என்னப்பா பண்றேன்னு கேட்டார். சொன்னேன். சாயங்காலம் அவரும் ரெண்டு பக்கெட் கொண்டாந்தார்.

நவம்பர் 5
பத்து பக்கெட். "அதுங்களுக்குக் கால் வந்துச்சாடா?"ன்னு அம்மா சைகைல கேட்டா.

நவம்பர் 9
ரசஞ்சாதம் நாலு ஸ்பூன் எறங்குச்சு. ஒண்ணுக்குப் பின்னங்கால் முளைச்சிருக்கு, நூல் மாதிரி, அம்மாகிட்ட போன்ல போட்டோ காட்டினேன், பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தா. நாளைக்கு பத்து மணிக்கு எங்கள வரச் சொல்லியிருக்காங்க.