பெண்ணையாறு போய்ச் சேரும் ஊர்

2025 ஜனவரி 12, ஞாயிறு. காவேரிப்பட்டணம்

அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. இதுவரை கடலைப் பார்த்ததில்லை. இன்று மத்தியானம் டிவியில் ஏதோ ஒரு கடற்கரை ஓடிக்கொண்டிருந்தது. "இந்தத் தண்ணி எல்லாம் எங்க கண்ணு போகுது?" என்று கேட்டார். "கடல் எங்கயும் போகாது பாட்டி, நம்ம ஆறுதான் அங்க போகும்" என்றான் பையன்.

"நம்ம ஆறுன்னா, பெண்ணையாறா?"

நாற்பத்தைந்து வருடமாக அந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறார். அது நந்தி மலையில் தொடங்கி, கெலவரப்பள்ளி, நம்ம கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை, சாத்தனூர், திருக்கோவிலூர் எல்லாம் தாண்டிக் கடலூர் பக்கத்தில் கடலில் சேர்கிறது என்று யாரும் அவரிடம் சொன்னதே இல்லை. நானும்தான் சொல்லவில்லை. பள்ளியில் பிள்ளைகளுக்கு வரைபடத்தில் காட்டியிருக்கிறேன், வீட்டில் சொல்லத் தோன்றவில்லை.

ராத்திரியே முடிவாகிவிட்டது. பாண்டிச்சேரி ஒரு நாள், கடலூர் ஒரு நாள். நம்ம பக்கத்திலிருந்து கடலுக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 16, வியாழன். காணும் பொங்கல்

பையன் இன்றைக்கே கிளம்பலாம் என்று அடம்பிடித்தான். காணும் பொங்கலன்று கடற்கரை ஊருக்கு வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது. நிற்க இடம் இருக்காது, போலீஸ் தண்ணீரில் இறங்க விடாது, ஆட்டோக்காரர் கேட்பதுதான் காசு. நாளைக்கும் அரசு விடுமுறைதான், நாளை கிளம்புகிறோம்.

மாதக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் வரும் காலம். அப்போது வேண்டாம். மீன் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போகாதீர்கள். அந்த 61 நாளும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். என் நாத்தனார் குடும்பம் மே மாதத்தில் போய், வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு சாம்பார் சாதம் சாப்பிட்டுத் திரும்பியது. ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல நேரம்.

மூட்டை கட்டியாயிற்று. அத்தையின் சர்க்கரை மாத்திரை நான்கு நாளுக்கு, ஆளுக்கு இரண்டு பழைய பருத்தி உடை, ஒரு ரப்பர் செருப்பு. தோல் செருப்பு உப்புத் தண்ணீர் பட்டால் விறைத்துப் போகும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயவும் காயாது. பிள்ளையின் கொலுசைக் கழற்றி பீரோவில் வைத்தேன், அலைக்குக் கொடுப்பானேன்? வழியில் கொறிக்க, தட்டை மாதிரி இருக்கும் நம்ம ஊர் நிப்பட்டு ஒரு கிலோ.

ஜனவரி 17, வெள்ளி. பாண்டிச்சேரி

கிருஷ்ணகிரியில் ரயில் கிடையாது, பஸ்தான். பெங்களூரிலிருந்து பாண்டி போகிற பஸ்கள் கிருஷ்ணகிரி வழியாகத்தான் போகின்றன. விடுமுறை நாளில் அவை நிறைந்தே வரும். இரண்டை விட்டுவிட்டு, மூன்றாவதாக வந்த திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினோம். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும். திருவண்ணாமலையில் இறங்கி டீ குடித்துவிட்டு மாறிக்கொண்டால் பெரியவர்களுக்கும் கால் நீட்ட வசதி. பௌர்ணமியன்று மட்டும் இந்த யோசனை பலிக்காது, கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வாடகை வேனில் போகிறவர்கள் புதுச்சேரி பர்மிட் யார் செலவு என்று வண்டி பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எல்லையில் நின்று பேச வேண்டியிருக்கும்.

ஊத்தங்கரை வந்ததும் பஸ்ஸே கொஞ்ச நேரம் அமைதியானது. போன மாதம் ஃபெஞ்சல் புயலில் இந்த ஊரில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை கொட்டியது. ரோட்டில் நின்ற வண்டிகள் பள்ளத்துக்கு அடித்துக்கொண்டு போனதை நாங்கள் போனில் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம். அதே நாளில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்கள், கீழே கடலூர் வரைக்கும் வெள்ளம். மேலே பெய்தது கீழே போய் அடித்தது. அத்தை ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

செஞ்சிக் கோட்டையைப் பஸ்ஸிலிருந்தே காட்டினேன். மத்தியானம் இரண்டு மணிக்குப் பாண்டி.

அறை வாடகை 2,800 ரூபாய். வார நாளில் இதில் பாதிதான் என்று அவர்களே சொன்னார்கள். பெங்களூர்க்காரர்கள் வெள்ளி மாலையே வந்து நிறைத்துவிடுகிறார்கள். முடிந்தால் ஞாயிறு மாலை போய்ச் செவ்வாய் திரும்புங்கள். அருங்காட்சியகம் பார்க்க வேண்டும் என்றால் திங்கட்கிழமையைத் தவிருங்கள்.

சாயங்காலம் கடற்கரைச் சாலை. ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளை விடமாட்டார்கள். தரை மேடு பள்ளம் இல்லாமல் சமமாக இருக்கும், உட்காரத் திண்டு இருக்கும். முட்டி வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல கடற்கரை நான் பார்த்ததில்லை. அத்தை காந்தி சிலை வரைக்கும் தானே நடந்தார். சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்கிறார்கள். அத்தை ஒரு தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுவும் நம்மள மாதிரி அந்தப் பக்கத்துல இருந்துதான் வந்துச்சா?" என்றார்.

ஆனால் கடலைப் பார்த்ததும் அவர் முகம் மலரவில்லை. கருங்கல்லாகக் கொட்டிக் கிடக்கிறது, அதற்கு அப்பால் இருட்டு. "அணைக்கட்டு மாதிரி இருக்கு கண்ணு" என்றார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. கரையைக் கடல் அரித்ததால் போட்ட கற்கள் அவை. தலைமைச் செயலகம் பக்கம் ஒரு துண்டு மணல் இருக்கிறது, அதுவும் கடலுக்குள் தடுப்பு அமைத்த பிறகு சேர்ந்ததுதான். முதல் தடவை கடல் பார்க்கிறவர்களை இருட்டிய பிறகு இங்கே கூட்டிவராதீர்கள். காலையில் காட்டுங்கள்.

ஜனவரி 18, சனி. கடலூர்

காலை ஆறு மணிக்கே அத்தையை எழுப்பி அதே இடத்துக்குப் போனோம். கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்துதான் வரும். ஆறரை தாண்டி ஓரிரு நிமிடம், சிவப்பாக ஒரு நறுக்கு மேலே வந்தது. அத்தை கைகூப்பிவிட்டு ரொம்ப நேரம் கையை இறக்கவில்லை. நேற்று அணைக்கட்டு என்று சொன்னவர், அதன் பிறகு எதுவுமே சொல்லவில்லை.

மணக்குள விநாயகர் கோயிலில் பிள்ளைகள் யானை எங்கே என்று கேட்டார்கள். லட்சுமி 2022 நவம்பரில் இறந்துபோனது. ஆசிர்வாதம் வாங்கலாம் என்று ஆசை காட்டிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். அரவிந்தர் ஆசிரமத்துக்குள் செருப்பை வெளியே விட்டு, போனை அணைத்துவிட்டு, பேசாமல் போக வேண்டும். மூன்று வயதுக்குள்ளான குழந்தையை உள்ளே விடமாட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு மூடினால் இரண்டு மணிக்குத்தான் திறக்கும்.

பத்தரைக்கு அறையைக் காலி செய்துவிட்டுக் கடலூர் பஸ் பிடித்தோம். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். கடலூரில் அறை 1,200 ரூபாய்க்குக் கிடைத்தது, சுத்தமாகவும் இருந்தது. சனி, ஞாயிறில் பாண்டி போகிறவர்கள் ராத்திரி தங்குவதற்குக் கடலூரை யோசிக்கலாம். பாண்டியில் வாங்கிய பாட்டிலோடு மட்டும் வந்துவிடாதீர்கள். சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்க்கிறார்கள், வழக்கும் போடுகிறார்கள்.

இன்றைக்குத் தை ஐந்தாம் நாள், ஆற்றுத் திருவிழா. இதற்காகவே இந்தத் தேதியைப் பிடித்தேன். சுற்றியுள்ள ஊர்ச் சாமிகள் எல்லாம் தென்பெண்ணைக்கு, அதாவது நம்ம பெண்ணையாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருகின்றன. பாலத்துக்குச் சற்று முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது, இறங்கி நடந்தோம். கீழே மணலில் பந்தல் பந்தலாகச் சாமிகள், மேளம், ராட்டினம், மிளகாய் பஜ்ஜி, கரும்பு. சுருளிக் கிழங்கு குவித்து விற்கிறார்கள், இந்தத் திருவிழாவுக்கென்றே வாங்கிப் போகிற கிழங்கு. நம்ம ஊரில் நான் பார்த்ததில்லை, இரண்டு கிலோ வாங்கினேன்.

அத்தை ஆற்றைப் பார்த்து, "நம்ம ஊர்ல யாரும் இதுக்கு விழா எடுக்கலையே" என்றார். நம்ம ஊரில் ஆடிப்பெருக்குக்கு மட்டும் ஆற்றை நினைக்கிறோம். மற்ற நாளில் மேலேயிருந்து கழிவுநீர் நுரை வருகிறதா என்று பார்க்கிறோம். இங்கே ஊரே ஆற்றுக்குள் இறங்கி நிற்கிறது.

பிள்ளைகளோடு வருகிறவர்கள் மூன்று மணிக்குள் வந்து ஐந்துக்குள் கிளம்பிவிடுங்கள். இருட்டிய பிறகு பாலத்தில் நகர முடியாது. பிள்ளையின் சட்டைப் பையில் போன் நம்பரை எழுதி வையுங்கள்.

ஜனவரி 19, ஞாயிறு. தேவனாம்பட்டினம், தாழங்குடா

இதை எழுதும்போதும் கை நிதானமாக இல்லை.

காலையில் கடலூரின் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். அகலமான மணல், மண்டபம், சுண்டல் கடை. அத்தை முழங்கால் நனைய நின்று சிரித்த சிரிப்பை நாற்பத்தைந்து வருடத்தில் பார்த்ததில்லை என்றார் வீட்டுக்காரர், அவருக்கே வயது நாற்பத்திரண்டுதான். அந்தச் சந்தோஷத்தில் பையனைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். அவன் கிணற்றில் நீச்சல் பழகியவன், பயம் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில்தான் நின்றான். அலை எல்லா இடத்திலும் வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, ஒரு இடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருப்பாகத் தெரிந்தது. அது ஆபத்தில்லாத இடம் என்று நினைத்து அங்கே போயிருக்கிறான். மறுநிமிடம் கால் எட்டவில்லை. கரையைப் பார்த்து நீந்தினான், பின்னால்தான் போனான்.

சுண்டல் விற்ற அம்மா போட்ட சத்தத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் ஒருவர் பாய்ந்து போனார். நேராகக் கரைக்கு இழுக்கவில்லை. பக்கவாட்டில் கரையோரமாகவே கொஞ்ச தூரம் நீந்திப்போய், அலை உடைகிற இடத்தில் அலையோடு சேர்த்துக் கொண்டுவந்து விட்டார்.

"அலை கொண்டாந்த தண்ணி திரும்பிப் போக ஒரு வழி வேணும்ல தம்பி, அதுதான் அந்த இடம்" என்று பையனிடம் பொறுமையாகச் சொன்னார். "இழுப்புல மாட்டினா அதோட சண்டை போடக்கூடாது. சைடுல போயி வெளிய வரணும். முடியலையா, மல்லாந்து மிதந்துகிட்டு கையத் தூக்கணும்."

காசு கொடுத்தோம், வாங்கவில்லை. நிப்பட்டு மட்டும் வாங்கிக்கொண்டார்.

கிணறு, ஏரி, அணை இதில் நீந்தத் தெரிந்தவர்கள்தான் கடலில் அதிகம் ஏமாறுகிறோம் என்று எனக்கு இன்றைக்குப் புரிந்தது. நின்ற தண்ணீர் இழுக்காது. கடல் இழுக்கும். பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் விடாதீர்கள். கையைப் பிடித்துக்கொள்ள ஒரு பெரியவர் பக்கத்திலேயே நிற்கட்டும், கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்றால் போதாது. இறங்கும் முன் அந்த ஊர் மீனவர் ஒருவரிடம் இன்றைக்கு எந்த இடம் நல்லது என்று கேளுங்கள். அந்த வழி தினம் ஒரே இடத்தில் இருப்பதில்லை.

பிறகு ஆட்டோ பிடித்து, ஆறு கடலில் சேருகிற தாழங்குடாவுக்குப் போனோம். வழியில் குண்டு உப்பலவாடி என்று பெயர்ப்பலகை. 1690-ல் மராட்டியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனிக்காரர்கள், பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் எங்கள் ஊர் என்று எடுத்துக்கொண்டார்களாம். அதில்தான் அந்த 'குண்டு' ஒட்டிக்கொண்டது.

முகத்துவாரத்தில் கடை கிடையாது, நிழல் கிடையாது. தண்ணீரும் குடையும் கொண்டுபோங்கள், பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். ஆறு அகலமாக, சத்தமில்லாமல் வந்து, மணல்திட்டைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் நுழைகிறது. இரண்டு நிறமும் கொஞ்ச தூரம் தனித்தனியாகத் தெரிகிறது.

அத்தை ஆற்றுப் பக்கத்தில் குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தார். "இங்கயே கரிக்குதே" என்றார். கடல் தண்ணீர் ஆற்றுக்குள்ளும் ஏறி வரும் என்றேன். "அப்ப அதுவும் நம்மூரப் பார்க்க வருது" என்று சொல்லிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஜனவரி 21, செவ்வாய். காவேரிப்பட்டணம்

ஞாயிறு ராத்திரி பதினொன்றுக்கு வீடு வந்தோம். ஐந்து பேருக்குப் பஸ், ஆட்டோ, அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 9,600 ரூபாய். கடலில் நனைத்த துணியை முதலில் நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, மணலை உதறிவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள். நான் நேராக வாஷிங் மெஷினில் போட்டு அடியில் மணல் தங்கிவிட்டது.

சுருளிக் கிழங்கை அவித்துப் பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தேன். பையன் இரண்டு நாளாகக் கிணற்றுப் பக்கம் போகவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

அத்தை இன்று காலை, சாமிகள் கடலுக்கே போகிற நாள் ஒன்று உண்டாமே, எப்போது என்று கேட்டார். மாசி மகம், மார்ச் 12. புதன்கிழமை வருகிறது, எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.