ஆடி அமாவாசைக்கு முன் சில பேய்ப்படங்கள்

ஜூலை 19, 2025, சனி

அம்மா கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டார். தனியாக ‘தி பாபடூக்’ (2014) பார்த்தேன். பிரசவத்துக்கு மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியில் கணவன் விபத்தில் போய்விடுகிறான். பிள்ளை பிறந்ததும் அப்பா செத்ததும் ஒரே நாள் என்பதால் அந்த வீட்டில் பிறந்தநாளை அன்றைக்குக் கொண்டாடுவதே இல்லை. இயக்குநர் ஜெனிஃபர் கென்ட் கடைசியில் பேயைக் கொல்லவும் இல்லை. நிலவறையில் இருக்கும் அதற்குத் தாய் கிண்ணத்தில் மண்புழு கொண்டுபோகிறாள். சீறிக்கொண்டு வருவதை ஆற்றி அடக்கிவிட்டு மேலே ஏறி வருகிறாள். பேயோட்டி முடிக்கிற நம்மவர் படங்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது.

ஜூலை 20

கியோஷி குரோசவாவின் ‘கைரோ’ (2001). இணையத்தின் வழியாக ஆவிகள் வருகின்றன. ஒரு பெண் மெதுவாக நடந்து வருகிறாள், நடுவில் கால் இடறியதுபோல் உடம்பு ஒருமுறை வளைகிறது, மறுபடி நடை. அவ்வளவுதான், டமால் என்று ஒரு சத்தமும் இல்லை. முதுகு சில்லிட்டது. பழிவாங்க வந்த ஆவிகளும் அல்ல. செத்த பிறகும் தனிமை தீராது என்பதுதான் பயமே.

டொரன்டோவில் இருக்கும் மச்சானுக்குச் சொன்னேன். “பேஸ்மென்ட்டில தனிய இருக்கிறவனுக்கு இதையோடா சொல்லுறாய்?” என்றான்.

ஜூலை 22

படம் இல்லை. அப்பாவின் செத்தவீட்டில் அடுப்பு மூட்டவே தேவைப்படவில்லை, அயலிலிருந்து சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய, வாடகைக் கதிரைகளோடு ஆட்களும் போய்விட்டார்கள். நான் பார்க்கிற படங்களில் முக்கால்வாசி அதற்கு மறுநாள்தான் தொடங்குகின்றன. வேறு யாரும் வராத வீட்டுக் கதவைப் பேயாவது தட்டுகிறது.

ஜூலை 23

‘ஹிஸ் ஹவுஸ்’ (2020). தென் சூடானிலிருந்து இங்கிலாந்துக்குத் தப்பி வந்த தம்பதி. வழியில் கடலோடு போன சிறுமி சுவருக்குள் நிற்கிறாள். படகுக் காட்சியில் அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டார். 2004 டிசம்பரைக் கண்ட திருகோணமலைக்காரருக்கு அது லேசான காட்சி அல்ல. ரெமி வீக்ஸின் முதல் முழுநீளப் படமாம், நம்ப முடியவில்லை.

ஜூலை 24, ஆடி அமாவாசை

விடியவே கன்னியாவுக்குப் போனேன். தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் உண்டாக்கியதாகச் சொல்லும் ஏழு வெந்நீர்க் கிணறுகள். பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர் கேட்காமலே வாளியை நீட்டி, “யாருக்குத் தம்பி?” என்றார். அப்பாவுக்கு என்றேன். அவருடைய அப்பா ஓட்டிய பஸ்ஸின் கதை முடிய அரை மணி நேரம் போய்விட்டது. காத்தோட்டிக்காய்க் கறியோடு காத்திருந்த அம்மாவிடம் நல்ல ஏச்சு.

இரவுக்கு ‘பூதகாலம்’ (2022). ரேவதி என்றதும் அம்மாவும் பார்க்கிறாராம். தாயும் மகனும் ஒரே வீட்டுக்குள் புழுங்குகிற கதை என்று நான் சொல்லவில்லை.